எட்டாவது முளை

போடி வீட்டுக்காரர் அட்வான்ஸில்
நாலாயிரம் பிடித்துக்கொண்டார்.
கூடத்தில் ஆறு ஆணித் துளை,
அடுக்களையில் மூன்று.
டார்ச் அடித்து எண்ணிக் காட்டினார்.
அந்த வாரம்தான் வனத்துறையிலிருந்து அழைத்தார்கள்.
யானைக் கணக்கெடுப்பு, மூன்று இரவு.
முகாம் என்று தனியாக எதுவும் கிடையாது,
இருட்டுகிற இடத்தில் படுத்துக்கொள்ள வேண்டும்.
சரி என்றேன்.
எனக்கும் அப்போது
படுக்க வேறு இடம் இருக்கவில்லை.

பகலெல்லாம் பிண்டம் எண்ணினோம்.
ரெஜினா நாடாவைப் பிடிப்பாள்,
நான் படிவத்தில் எழுதுவேன்.
சுருளிவேல் குச்சியால் கிளறி
'முந்தாநாள்' என்பான்,
'போன மழைக்கு முந்தினது' என்பான்.
ஒரே ஒரு தடவை
குனிந்து புறங்கையை மேலே காட்டிப் பார்த்தவன்
ஒன்றும் சொல்லவில்லை.
எங்களை வேறு பக்கமாகக் கூட்டிப்போனான்.
அந்த இடத்துக்கு வயது என்ன போடுவது என்று
நானும் கேட்கவில்லை.

சாக்ஸுக்குள் மூக்குப்பொடி தூவியிருந்தும்
அட்டைகள் வந்தன.
அவற்றுக்குப் படிவத்தில் இடமில்லை.

சோலை முடிந்து புல் தொடங்கும் விளிம்பில்
எழுத்து தேய்ந்த எல்லைக்கல் ஒன்று
கொஞ்சம் தமிழ்நாட்டுப் பக்கம் சாய்ந்து நின்றது.
அதையொட்டிக் கூடாரம்.
எட்டு முளையையும்
கல்லால் தட்டி இறக்கினாள் ரெஜினா.
ஒவ்வொரு தட்டுக்கும்
எனக்கு வீட்டுக்காரர் முகம்.

நெருப்பு கூடாது.
ஊறிய அவல், வெல்லம், ஆளுக்கு ஒரு மலைவாழை.
தோலைக்கூடத் திரும்பப் பைக்குள் போட்டோம்.
கீழே கம்பம் பள்ளத்தாக்கு
யாரோ கொட்டிவிட்டு அள்ள மறந்த வெளிச்சம்.

தலை கேரளத்தில், கால் தமிழ்நாட்டில்.
புரண்டபோதெல்லாம் போன் அதிர்ந்தது.
கேரளம் தங்களை வரவேற்கிறது.
தமிழ்நாடு தங்களை வரவேற்கிறது.
கேரளம் தங்களை
என்று அது மூன்றாம் முறை தொடங்கியபோது
வெளியே தார்ப்பாயில் கிடந்த சுருளிவேல்
கூடாரத் துணிமேல் உள்ளங்கையை வைத்தான்.
அழுத்தமாக.
போனை வயிற்றுக்கடியில் அமுக்கிக்கொண்டேன்.

ஈத்தை ஒடிகிற சத்தம்.
பிறகு அதுவும் இல்லை.
தவளைகள் ஒரே நேரத்தில் நிறுத்தின.
புல்லைப் பிடுங்கி, மண் உதற
எதன் மீதோ அடிக்கும் ஓசை,
துணி துவைப்பது மாதிரி, அவ்வளவு பக்கத்தில்.
ஒரு குடலின் முனகல்
என் முதுகெலும்பு வழியாகக் கேட்டது.
கூடாரச் சுவர் உள்ளே ஒரு முறை வந்து
மெதுவாக வெளியே போயிற்று.
ரெஜினா என் கட்டைவிரலைப் பிடித்திருந்தாள்.
மற்ற நான்கு விரலை என்ன செய்வதென்று
எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்ல மாட்டேன்.
தவளைகளைத்தான் கேட்க வேண்டும்.

விடியலில் ஏலத்தோட்டத்து ஜீப்புகள்
விளக்கெரிய வளைவுகளில் ஏறின.
ஒவ்வொன்றிலும் பதினைந்து பெண்கள்,
தூக்குவாளி, பாதித் தூக்கம்.
அவர்கள் இடுப்பிலும் அதிர்ந்திருக்கும்.
தினம் இரண்டு தடவை வருகிற வரவேற்பை
யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள்?

கூடாரத்தைப் பிரித்தோம்.
ஏழு முளை.
எட்டாவது இருந்த மூலையில்
ஒரு வட்டப் பள்ளம், ஓரத்தில் சின்ன வெடிப்புகள்,
அதற்குள் ஊறத் தொடங்கிய தண்ணீர்.
ரெஜினா நாடாவை விரித்துச் சுற்றளவு எடுத்தாள்.
கயிறு மட்டும் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் கிடந்தது,
அறுபடாமல், முடிச்சு அவிழாமல்.

மற்ற ஏழு துளைகளைச் சுருளிவேல்
குதிகாலால் மிதித்து மூடினான்.
படுத்த இடத்துப் புல்லைக் கையால் கோதி எழுப்பினான்.
அந்தப் பள்ளத்தைத் தொடவில்லை.

நேரில் கண்டவை: இல்லை, என்று எழுதினேன்.
ரெஜினா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
கேட்டவை என்று ஒரு கட்டம் இல்லை.
குறிப்பு என்ற இடத்தில்
கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு
'ஒரு முளை குறைகிறது' என்றேன்.

அதற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று
இன்னும் சொல்லியனுப்பவில்லை.